67 புட்டி மண்

1964 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கேப் ஸ்காட் என்ற கடற்படைக் கப்பல் தெற்கே கிளம்பியது. மற்ற கப்பல்களுக்குப் பழுதுபார்ப்பதுதான் அதன் வழக்கமான வேலை. அந்த முறை அதில் ஏறியவர்கள் மருத்துவர்கள், நுண்ணுயிரியலாளர்கள், இன்னும் பல துறை ஆய்வாளர்கள் என்று ஏறத்தாழ 40 பேர். போகுமிடம் ஈஸ்டர் தீவு. சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் நடுவே தன்னந்தனியாகக் கிடக்கும் தீவு. பெரிய தலை வைத்த கற்சிலைகளின் படத்தை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம், அதே தீவுதான். அங்கே வாழ்பவர்கள் தங்கள் தீவையும் தங்களையும் ராப்பா நூயி என்று சொல்கிறார்கள்.

குழுவின் தலைவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஸ்கோரினா. அவருடைய திட்டம் எளிமையானது. தீவில் விமான நிலையம் கட்டப்போகிறார்கள். அதன்பின் வெளியாட்கள் வருவார்கள், வெளிக் கிருமிகள் வரும், வெளிச் சாப்பாடு வரும். அதற்கு முன் இந்த ஆயிரம் சொச்சம் மனிதர்களின் உடல் எப்படி இருக்கிறது என்று ரத்தம், எச்சில், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும். கொஞ்ச வருஷம் கழித்துத் திரும்ப வந்து ஒப்பிட வேண்டும்.

வந்த மருத்துவர்கள் எதிர்பார்க்காத ஒன்று அப்போது தீவில் நடந்துகொண்டிருந்தது. 1888-இல் சிலி அந்தத் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிறகு ஆடு வளர்க்கும் கம்பெனி ஒன்றுக்குத் தீவைக் குத்தகைக்கு விட்டது. சொந்தத் தீவிலேயே மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் ஒதுக்கப்பட்டார்கள். 1953-இல் கம்பெனி போனது, கடற்படை வந்தது. ஆடுகளின் முதலாளி மாறினார், அவ்வளவுதான். 1964 டிசம்பரில் அல்ஃபோன்சோ ராப்பு என்ற இளம் பள்ளி ஆசிரியரின் தலைமையில் தீவு மக்கள் எழுந்தார்கள். அவரையே தங்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். சிலி பதிலுக்குக் கடற்படை வீரர்களை அனுப்பியது. கடைசியில் 1966-இல் ஒரு சட்டம் வந்து, ராப்பா நூயி மக்கள் சிலியின் முழுக் குடிமக்கள் ஆனார்கள். அதாவது கனடாக்காரர்கள் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த வாரங்களில், ரத்தம் கொடுத்தவர்கள் எந்த நாட்டிலும் முழு உரிமையுள்ள குடிமக்களாக இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் ஜார்ஜ் நோக்ராடி என்றொரு நுண்ணுயிரியலாளர் இருந்தார். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் வேலை. தீவில் எங்கு பார்த்தாலும் குதிரைகள், மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். குதிரைச் சாணம் இருக்கும் மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் இங்கே யாருக்கும் டெட்டனஸ் வந்ததாகத் தெரியவில்லையே, ஏன்? நோக்ராடி தீவை 67 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புட்டி மண் எடுத்தார். 67-இல் ஒரே ஒரு புட்டியில்தான் டெட்டனஸ் வித்து கிடைத்தது. அவர் கேள்விக்கு அதோடு முடிவு. நம்முடைய கதைக்கு அது ஆரம்பம்.

*

சில ஆண்டுகள் கழித்து அந்த மண் மாண்ட்ரியலில் இருந்த ஆயர்ஸ்ட் என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்துக்குப் போனது. அந்தக் காலத்து மருந்துக் கம்பெனிகளுக்கு மண் என்றால் தங்கம். பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று கொல்லச் செய்துவைத்த ஆயுதங்கள்தானே. உலகின் எந்த மூலையிலிருந்து ஒரு பிடி மண் கிடைத்தாலும் அதில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பார்கள்.

ஆயர்ஸ்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் சுரேந்திரநாத் சேகல். 1932-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஷாபில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முனைவர் பட்டம் வாங்கி, கனடாவுக்குப் போனவர். ராப்பா நூயி மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்ற பாக்டீரியா, பூஞ்சைகளின் வளர்ச்சியை நிறுத்தும் ஒரு பொருளைச் சுரப்பதை 1972 வாக்கில் சேகலின் குழு பிரித்தெடுத்தது. தீவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ராபமைசின்.

பூஞ்சை மருந்தாக அது தேறவில்லை. உடலின் நோய் எதிர்ப்பை அது அடக்கியது. பூஞ்சைத் தொற்று வந்தவனுக்குக் கொடுக்கக்கூடாத முதல் பொருள் அதுதான். ஆனால் சேகலுக்கு ஏதோ உறுத்தியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு அதை அனுப்பினார். திடக் கட்டிகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது என்று பதில் வந்தது. வழக்கமான புற்றுநோய் மருந்துகள் செல்லைக் கொல்லும். இது கொல்லவில்லை, வளராமல் நிறுத்தியது. இந்த வேறுபாட்டின் அருமை அன்று யாருக்கும் புரியவில்லை.

பிறகு நடந்தது எந்த ஐடி கம்பெனிக்காரருக்கும் பழக்கமான கதை. 1980-களின் தொடக்கத்தில் நிர்வாகம் மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடிவிட்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு நகர முடிவுசெய்தது. பலருக்கு வேலை போனது. லாபம் தராது என்று தோன்றிய திட்டங்கள் எல்லாம் கைவிடப்பட்டன, ராபமைசினும். சேகல் மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு பெரிய தொகுதி பாக்டீரியாவை வளர்த்து, புட்டிகளில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டு ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவில், 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி வைத்தார் என்று அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நியூ ஜெர்சிக்கு வீடு மாறியபோது அந்த டப்பாவும் கூடவே போனது. எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிச் செய்த காரியமாக இது தெரியவில்லை. கம்பெனி விதிப்படி பார்த்தால் வேலையே போயிருக்கும்.

1987-இல் ஆயர்ஸ்ட் வைத் என்ற கம்பெனியோடு இணைந்தது. புதிய மேலதிகாரிகள் வந்தார்கள். சேகல் அவர்களிடம் போய்ப் பேசினார். இந்த முறை கேட்க ஆள் இருந்தது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து தேவை. பூஞ்சை மருந்தாக எது அதன் குற்றமாக இருந்ததோ அதுவே இங்கே குணமானது. 1999-இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்கா அதை அனுமதித்தது.

*

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து வேலை செய்கிறது, சரி. எதன் மேல் செய்கிறது?

மைக்கேல் ஹால் என்பவரின் ஆய்வகம் அங்கே இருந்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட், ஆப்பத்துக்கு மாவு புளிக்க வைக்கிறோமே அந்த ஒற்றைச் செல் பூஞ்சை. ஜோசஃப் ஹைட்மன் என்ற இளைஞர் அங்கே ஆய்வு செய்ய வந்திருந்தார். அருகிலிருந்த சாண்டோஸ் மருந்துக் கம்பெனியின் ராவ் மோவா கூட்டுச் சேர்ந்தார். செய்த சோதனையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ராபமைசின் கலந்த தட்டில் கோடிக்கணக்கான ஈஸ்ட்களைப் பரப்பு. எல்லாம் வளராமல் நின்றுவிடும். எங்கேயாவது ஓரிரண்டு மட்டும் சட்டை செய்யாமல் வளரும். அவற்றின் மரபணுவில் எது மாறியிருக்கிறது என்று தேடு.

மாறியிருந்த மரபணுக்களில் இரண்டு, அதுவரை யாருக்கும் தெரியாதவை. 1991-இல் அவற்றுக்கு டோர்-1, டோர்-2 என்று பெயர் வைத்தார்கள். ராபமைசினின் இலக்கு என்ற ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகள். ஜெர்மனில் டோர் என்றால் வாசல் என்றும் பொருள். பாசெலில் ஸ்பாலன்டோர் என்ற பழைய கோட்டை வாசல் இருக்கிறது, ஹைட்மன் அதன் பக்கத்தில்தான் குடியிருந்தார். 1994-இல் பாலூட்டிகளிலும் இதே புரதம் இருப்பது தெரிந்தது. பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்ததால் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். எம்டோர் என்ற பெயர் நிலைத்தது.

நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு உயிர்வகைகள், ஈஸ்ட்டும் மனிதனும். இரண்டும் ஒரே புரதத்தைப் பெரிய மாற்றம் இல்லாமல் வைத்திருக்கின்றன என்றால் அது இல்லாமல் முடியாது என்று அர்த்தம்.

அது என்ன செய்கிறது என்பதை ஹால் 1990-களில் படிப்படியாகக் காட்டினார். அதுவரை செல்லின் வளர்ச்சியைப் பற்றி யாரும் பெரிதாக யோசித்திருக்கவில்லை. சாப்பாடு இருந்தால் செல் தானாக வளரும், இல்லாவிட்டால் வளராது, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் பொதுவான எண்ணம். இல்லை, வளர்வது என்பது ஒரு முடிவு, அந்த முடிவை எடுக்க ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவர் பெயர் டோர் என்றார் ஹால். சாப்பாடு தட்டு நிறைய இருந்தாலும் டோரை அடக்கிவிட்டால் ஈஸ்ட் பட்டினி கிடப்பதுபோல் நடந்துகொள்கிறது. வயிற்றில் இருப்பதை அல்ல, வந்த செய்தியைத்தான் செல் நம்புகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தப் பொறுப்பாளரின் வேலைமுறையைப் படித்தபோது எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. ஒரு செல் செய்கிற வேலைகளிலேயே ஆற்றலை அதிகம் விழுங்குவது புரதம் கட்டுவது. கட்டுமானம் தொடங்கும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். செங்கல் இருக்கிறதா? மேலிடத்தின் உத்தரவு வந்ததா? கையில் காசு இருக்கிறதா? செங்கல் என்பது அமினோ அமிலங்கள், முக்கியமாக லூசின். அவை போதுமான அளவு இருந்தால் ராக் என்ற புரதங்கள் எம்டோரைப் பிடித்து இழுத்து லைசோசோம் என்ற உறுப்பின் மேற்பரப்பில் உட்கார வைக்கின்றன. அங்கே ரெப் என்று இன்னொரு புரதம் காத்திருக்கிறது. அதுதான் எம்டோரை முடுக்கிவிடும். ஆனால் ரெப் விழித்திருக்க வேண்டும் என்றால் உடலிலிருந்து இன்சுலின் செய்தி வந்திருக்க வேண்டும். செங்கல் மட்டும் இருந்தால் போதாது, உத்தரவு மட்டும் வந்தாலும் போதாது, இரண்டும் சேர வேண்டும். கல்லூரி முதல் வருஷத்தில் சர்க்யூட் வகுப்பில் வரைந்த 'அண்ட் கேட்'தான். செல்லில் ஆற்றல் குறைந்தால் ஏஎம்பிகே என்ற மூன்றாவது ஆள் வந்து எல்லாவற்றையும் நிறுத்துகிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை. லைசோசோம் என்பது செல்லின் காயலான்கடை. பழுதான புரதங்களும் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாக்களும் அங்கே போய்த்தான் உடைக்கப்பட்டு மூலப்பொருளாக மாறுகின்றன. வீடு கட்டும் மேஸ்திரி காயலான்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து வேலையில் இறங்கினால் கடையின் கதவைச் சாத்திவிடுவார். கட்டும்போது உடைக்கக்கூடாது, நியாயம்தான். அவர் ஓய்ந்தால் கடை திறக்கும், செல் தன் குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்யும். இந்தத் தன்னுண்ணலின் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது.

சரி, முதுமை எங்கே வந்தது?

*

அதற்கு 1935-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, மேரி குரோவெல் இருவரும் எலிகளுக்குச் சத்துகளைக் குறைக்காமல் கலோரியை மட்டும் வெட்டினார்கள். எலிகள் சிறுத்துப்போயின, ஆனால் நெடுநாள் வாழ்ந்தன. குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்பது நம்முடைய பாட்டிகளுக்குப் புதிதல்ல. ஏன் என்பதுதான் கேள்வி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. குறைவாக எரித்தால் குறைவாகப் புகையும் என்பதுபோன்ற விளக்கங்கள் இருந்தன. வளர்சிதை மாற்றம் என்றால் ஒரு அடுப்பு, உடல் அதில் கரி பிடிக்கும் பாத்திரம்.

1993-இல் சிந்தியா கென்யன் இந்தப் படத்தைக் கலைத்தார். எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு இரண்டு மூன்று வாரம்தான் வாழும். டாஃப்-2 என்ற ஒரே மரபணுவைப் பலவீனமாக்கியதும் அது இரட்டிப்பு நாள் வாழ்ந்தது. வெறுமனே கிடக்கவில்லை, சாதாரணப் புழுக்கள் தளர்ந்து செத்துக்கொண்டிருந்த வயதில் இது நெளிந்து திரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து கேரி ரவ்குனின் ஆய்வகம் அந்த மரபணுவை வாசித்தபோது, அது நம் உடலில் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் புரதத்தின் உறவுக்காரர் என்று தெரிந்தது. இங்கேதான் திருப்பம். புழுவின் தட்டில் சாப்பாடு குறையவில்லை. சாப்பாடு இருக்கிறது என்ற செய்திதான் குறைந்தது.

அதன்பின் டோர் பக்கம் எல்லோரும் திரும்பியது இயல்பு. 2003-இல் டிபோர் வெல்லாய் குழு புழுவில் டோரை அடக்கியது, ஆயுள் இரட்டிப்பானது. 2004-இல் பங்கஜ் கபாஹி பழ ஈக்களில் அதே பாதையை மட்டுப்படுத்தினார், அவையும் நீண்டு வாழ்ந்தன. ஈஸ்ட்டிலும் அப்படியே. ஆனால் புழு, ஈ, ஈஸ்ட் எல்லாம் எவ்வளவு நாள் வாழ்ந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு அது பதில் ஆகாது. பாலூட்டி வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் ஒரு சோதனைத் திட்டம் நடத்திவந்தது. அதன் அமைப்பு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே சோதனையை மெய்ன், மிச்சிகன், டெக்சாஸ் என்று மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் செய்வார்கள். ஓர் ஆய்வகத்தில் மட்டும் கிடைக்கும் அதிசயங்கள் இந்தச் சல்லடையில் நிற்காது. எலிகளும் ஒரே அச்சில் வார்த்த ஆய்வகக் குலம் அல்ல, நான்கு குலங்களைக் கலந்து, ஒவ்வொன்றும் மரபணுவில் வேறாக இருக்கும்படி வளர்த்த சுண்டெலிகள். நூற்றுக்கணக்கில். அவை தாமாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டும்.

டெக்சாஸின் டேவ் ஷார்ப் ராபமைசினைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முன்மொழிந்தார். ஒரு சிக்கல் வந்தது. தீனியில் கலந்தால் மருந்து கெட்டுப்போகிறது. குடலுக்குப் போய்க் கரையும் உறை ஒன்றுக்குள் மருந்தைப் பொதிந்து தர வேண்டும். அதைச் செய்து முடிப்பதற்குள், காத்திருந்த எலிகள் கிழடாகிவிட்டன. 600 நாள். மனிதக் கணக்கில் ஏறத்தாழ 60 வயது. பட்டினிச் சோதனைகளில் இளமையில் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பது அன்றைய பாடம். ஆனாலும் எலிகள் கையில் இருக்கின்றன, கொடுத்துத்தான் பார்ப்போமே என்று கொடுத்தார்கள்.

2009-இல் முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்துமுடியும் வயதை எடுத்துக்கொண்டால் பெண் எலிகளில் அது 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியிருந்தது. மூன்று இடங்களிலும். 60 வயதில் தொடங்கிய மருந்து ஆயுளை நீட்டியது. ஒரு பாலூட்டியில் இப்படி ஒன்று உறுதியாகக் காட்டப்பட்டது அதுவே முதல் முறை. நிர்வாகத் தாமதம் ஒன்று அறிவியலுக்கு நல்லது செய்த இன்னொரு சம்பவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

(அதே 2009-இல்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக நோபல் கிடைத்தது. ரைபோசோம் புரதம் கட்டும் எந்திரம், எம்டோர் அதன் மேஸ்திரி. அவரே பிறகு முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், ராபமைசினும் அதில் வருகிறது.)

*

முதுமை என்றால் தேய்மானம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய பஸ் போல. மிகயீல் பிளாகஸ்கிளோனி என்ற ரஷ்ய அமெரிக்க ஆய்வாளர் 2006-இலேயே, எலி முடிவுகள் வரும் முன்பே, வேறு மாதிரி சொன்னார். உலையில் போட்ட அரிசி வெந்த பிறகும் அடுப்பை அணைக்காவிட்டால் அடிப்பிடிக்கும். கருக்கியது வேறு தீ அல்ல, வேகவைத்த அதே தீதான். உவமை என்னுடையது, வாதம் அவருடையது. குழந்தையை வளர்த்து ஆளாக்கும் எம்டோர், வளர்ந்து முடிந்த உடலிலும் ஓய்வதில்லை. கட்டு, கட்டு என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வீண் கட்டுமானம்தான் கொழுப்பாக, கட்டியாக, தடித்த ரத்தக் குழாயாக நம் முதுமையில் வெளிப்படுகிறது என்றார் அவர். இளமையில் உதவும் மரபணு முதுமையில் கெடுத்தாலும் இயற்கைத் தேர்வு அதைக் கண்டுகொள்ளாது என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-இல் சொன்னதோடு இது பொருந்திப்போகிறது. காட்டு எலிகள் பெரும்பாலும் பூனைக்கோ குளிருக்கோ பசிக்கோ இளமையிலேயே பலியாகிவிடும். மூன்று வயதில் அவற்றுக்கு என்ன ஆகும் என்று பரிணாமம் கவலைப்பட்டதில்லை.

இந்த வாதத்தின் அழகில் மயங்கிவிடக்கூடாது என்பது என் கட்சி. ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயில்தான் சாகின்றன. ராபமைசின் கட்டிகளை அடக்கும் என்பது பழைய செய்தி. அப்படியென்றால் 2009-இல் கண்டது முதுமை தள்ளிப்போனதா, புற்றுநோய் தள்ளிப்போனதா? 2013-இல் ஜெர்மனியில் ஒரு குழு எலிகளின் உடலை அங்குலம் அங்குலமாக அளந்து, முதுமையின் பல அடையாளங்களை மருந்து மெதுவாக்கவில்லை, மாற்றம் தெரிந்த சிலவற்றில் இளம் எலிகளிலும் அதே மாற்றம் தெரிகிறது என்றது. கிழட்டு எலியை மட்டும் பார்த்தால் அது இளமை திரும்பியதுபோல் தெரியும், குட்டியையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். இதயம், தசைநாண், ஈறு என்று தனித்தனியாகப் பார்த்தவர்கள் முன்னேற்றம் உண்டு என்கிறார்கள். இந்த வழக்கு முடியவில்லை.

பக்க விளைவும் சும்மா இல்லை. எம்டோர் இரண்டு வேறு கூட்டணிகளில் வேலை செய்கிறது. ராபமைசின் முதல் கூட்டணியைத்தான் குறிவைக்கிறது. நீண்டகாலம் கொடுத்தால் இரண்டாவதும் குலைந்து, இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதில் சொல்லாமல் போகிறது என்று 2012-இல் டட்லி லாமிங் குழு எலிகளில் காட்டியது. ஆண் எலிகளின் விதைப்பை சுருங்கியது. மனிதரில் வாய்ப்புண், ரத்தத்தில் கொழுப்புக் கூடுதல், ஆறாத காயம். ஆற்றலைச் செலவிடுவதா சேமிப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரியின் வாயை அடைத்தால் கணக்கு வழக்கு முழுவதும் ஆடும், வேறென்ன நடக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் உண்டு. நோய் எதிர்ப்பை அடக்குவதற்கென்றே சந்தைக்கு வந்த மருந்து இது. 2014-இல் ஜோன் மானிக் குழு, 65 வயதைத் தாண்டிய தொண்டர்களுக்கு ராபமைசினின் உறவுக்கார மருந்தைக் குறைந்த அளவில் ஆறு வாரம் கொடுத்து, பிறகு ஃப்ளூ தடுப்பூசி போட்டது. தடுப்பூசிக்கு அவர்கள் உடல் காட்டிய பதில் சுமார் 20 சதவீதம் மேம்பட்டது. அளவு மாறினால் பொருளே வேறாகிறது. உற்சாகமாக அடுத்த கட்டத்துக்குப் போனார்கள், எம்டோர் பாதையைக் குறிவைக்கும் வேறொரு மருந்தோடு. முதியவர்களின் சளி, சுவாச நோய்களைக் குறைக்கும் என்ற பெரிய சோதனை 2019-இல் தோற்றது.

இணையத்தில் இன்று ராபமைசின் ஒரு சிறு மதம். டாக்டர் சீட்டு எப்படியோ வாங்கி வாரம் ஒரு முறை விழுங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சாகாமல் இருக்கக் கோடிகளைக் கொட்டும் பிரையன் ஜான்சன் ஏறத்தாழ ஐந்தாண்டு சாப்பிட்டுவிட்டு, தோல் தொற்று, சர்க்கரை, கொழுப்பு என்று காரணம் சொல்லி 2024-இல் நிறுத்திவிட்டார். தானே அந்த மருந்தைச் சாப்பிட்டுவந்த பிளாகஸ்கிளோனி அதே ஆண்டு நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இரண்டில் எதுவும் மருந்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ சாட்சி சொல்லாது. ஒரு மனிதனின் ஆயுள் ஒரு தரவுப் புள்ளி, அவ்வளவுதான்.

சேகலுக்கு இது தெரியும். 1998-இல், தன் மருந்துக்கு அனுமதி கிடைப்பதற்குச் சற்று முன், அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிகம் போனால் இரண்டு வருஷம் என்றார்கள். அவர் ராபமைசின் எடுத்துக்கொண்டார். ஆண்டுகள் கடந்தன, நன்றாகவே இருந்தார். பிறகு ஒருநாள், இதை நிறுத்தினால்தானே இதுதான் காப்பாற்றியதா என்று தெரியும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நிறுத்தினார். சில மாதங்களில் கட்டிகள் பரவின. 2003 ஜனவரியில் இறந்தார். எலிகளைப் பற்றிய செய்தி வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. ஒப்பிட இன்னொரு சேகல் இல்லாத சோதனை, முறைப்படி பார்த்தால் அதற்கு மதிப்பே இல்லை. எனக்கு அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

*

ராபமைசினும் அதன் உறவு மருந்துகளும் இன்று உறுப்பு மாற்று, சிறுநீரகப் புற்றுநோய், இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் என்று பல இடங்களில் இருக்கின்றன. பல நூறு கோடி டாலர் வியாபாரம். டோரை வைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பல்லாயிரம்.

2022-இல் டெட் பவர்ஸ் என்ற செல் உயிரியலாளர், பல்லாண்டுகள் டோரையே ஆராய்ந்தவர், பழைய தாள்களைப் புரட்டி ஒரு கட்டுரை எழுதினார். மருந்தை உலகுக்கு அறிவித்த 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கிறது. கப்பலைப் பற்றியோ, மண் அள்ளிய நோக்ராடியைப் பற்றியோ பேச்சில்லை. தீவு மக்களைப் பற்றி இருக்காது என்று சொல்லத் தேவையில்லை. இந்த வியாபாரத்தில் ராப்பா நூயிக்குப் பங்கு எதுவும் போனதில்லை. ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுத்தால் அங்குள்ளவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 1992-இல், ரியோவில். அதற்கு முன் எடுத்த மண்ணுக்கு அது பொருந்தாது.

மண்ணில் இருந்த பாக்டீரியாவை அவர்கள் கண்டுபிடிக்கவில்லையே, பிறகு எதற்குப் பங்கு என்று கேட்கலாம். என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். ஆனால் அந்தப் பயணத்தின் நோக்கமே அவர்கள்தான். அவர்கள் வெறுங்காலோடு நடந்தும் நோய் வராததுதான் நோக்ராடியின் கேள்வி. அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள், எக்ஸ்ரேவுக்கு நின்றார்கள். முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒப்பிடத் திரும்ப வருவதாகச் சொன்ன பயணம் நடக்கவே இல்லை. 67 புட்டி மண்ணை வைத்துக்கொண்டவர்களுக்கு ஒப்புக்குக்கூட ஒரு நன்றி எழுதத் தோன்றவில்லை என்பதை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில்தான் அல்ஃபோன்சோ ராப்புவும் இருந்தார், அவர் அப்படி நினைக்கவில்லை.

தீவில் இப்போது ராபமைசினுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் வைத்தது. 1965 ஜனவரியில் இந்த இடத்தில் எடுத்த மண்ணிலிருந்து கிடைத்த மருந்து, உறுப்பு மாற்று நோயாளிகளுக்குப் புதிய காலத்தைத் தொடங்கிவைத்தது என்கிறது அது. தீவில் பேசுவது ராப்பா நூயியும் ஸ்பானிஷும், பலகை போர்ச்சுகீசிய மொழியில். வைத்தது 2000 நவம்பரில் என்பதால் புழுக்களைப் பற்றியோ எலிகளைப் பற்றியோ முதுமையைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை.